சோற்றுப் பை

திருப்போரூரில் என் மகளின் பள்ளி வாசலில் மதியம் அம்மாக்கள் சோறு ஊட்டுவோம். அன்று பர்தா அணிந்த புதிய பெண் ஒருத்தி பையோடு ஒதுங்கி நின்றாள். என் பையும் அதே அளவுதான். ஆனாலும் பயந்து, அவளைப் படமெடுத்து பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டேன்: "யாரிவங்க? பையில என்ன?"

குழுவில் பார்த்த யாரோ சொல்ல, உடனே பள்ளி வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னாம்மா வச்சிகினு கீற? தொற!"

"சோறுண்ணே. எம்பொண்ண நேத்துதான் யூகேஜில சேத்தோம்."

அவர் நம்பாமல் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சோறு மண்ணில் கொட்டியது. பள்ளி கேட்டுக்கு உள்ளிருந்து அவள் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் பையை எடுத்துக்கொண்டு என் மகளிடம் போனேன்.

மறுநாள் அக்குழந்தை வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் தன் புத்தகப் பையைத் திறந்து காட்டியது. என்னிடமும் வந்தது.

"புக்குதான் ஆன்ட்டி. பாருங்க."

அந்தப் பள்ளியில் அக்குழந்தை கற்ற முதல் பாடம் நான் நடத்தியது.