நிறுத்தி வைத்த நீர்

நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், குழாய் நீர் கலங்கி வந்தாலும் யார் வீட்டு நீர்வடிகட்டியில் வாடை அடித்தாலும் முதலில் தட்டப்படுவது என் கதவுதான். பழைய மாணவர்கள் முதல் வெளியார் வரை என்னைச் 'சிக்கு' என்றே அழைப்பார்கள். ஆசிரியரைக் குறிக்கும் அந்த மலாய்ச் சொல்லில் உள்ள மரியாதையை நான் ஒருநாளும் குறைத்து மதித்ததில்லை. கிள்ளானில் எங்கள் சங்கம் தன் மண்டப வாசலில் பெரிய மீன்தொட்டி ஒன்றை வைக்க எண்ணியபோது, அதன் பொறுப்பை என்னிடமே ஒப்படைப்பது என்று செயற்குழு பேசி முடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் உறுதி செய்வது மட்டுமே பாக்கி. என் சொல்லுக்கு அன்று இருந்த மதிப்பு அது.

என் வீட்டுத் தொட்டி சிறியது. சிறிய தொட்டிதான் கடினமானது என்பது பலருக்குத் தெரியாது. நீர் குறைவாக இருப்பதால் சிறு பிழையும் உடனே பெரிதாகிவிடும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சேர்ந்துவிடும் நைட்ரேட்டைக் குறைக்க வாரந்தோறும் ஒரு பகுதி நீரை எடுத்துவிட்டுப் புது நீர் விடவேண்டும். அந்த நீரில் குளோரின் இருந்தால் மீன்களின் செவுள் புண்ணாகும், நுண்ணுயிர்களும் மடியும். ஆகவே குழாய் நீரை நான் நேரே விட்டதே கிடையாது. குளியலறையை ஒட்டி ஒரு நீலப் பீப்பாயில் அதைப் பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்தை அளந்து ஊற்றி, காற்றுக்குழாயை ஓடவிட்டு, சில நாள் நிறுத்தி வைத்த பிறகே எடுப்பேன். அந்த ஒழுங்கில்தான் ஓர் ஏஞ்சல் மீன் ஜோடியும் ஒரு கூட்டம் நியான் மீன்களும் என்னிடம் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

காப்பாரில் என் தமக்கையின் கணவர் காலமானார். கருமக்கிரியை முடியும்வரை நானும் மனைவியும் அங்கேயே தங்க நேர்ந்தது. சாவியை மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர். அவரைச் சங்கத்தின் செயற்குழுவுக்குக் கொண்டுவந்தவனும் நானே. மீனுக்குத் தீனி போடுவதைத் தவிர எதையும் செய்யவேண்டாம், பீப்பாயைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்ததும் அவரிடம் கேட்டேன்.

"பீப்பாயில கை வெச்சீங்களா?"

"நான் ஏன் அத்தான் அதத் தொடப்போறேன்? சாப்பாடு போட்டேன், கதவப் பூட்டுனேன், அவ்ளோதான் லா."

பீப்பாய் நிறைந்திருந்தது, காற்றுக்குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் நீரை மாற்றினேன். சோதிக்கவில்லை. வீட்டு மனிதரின் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கமல்ல.

சற்று நேரத்திலேயே நியான்கள் நிறம் வெளிறின. ஏஞ்சல்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மருந்தை ஊற்றினேன், அது பிந்திவிட்டது. அன்று தப்பியவையும், பஞ்சின் நுண்ணுயிர்கள் மடிந்து அம்மோனியா ஏறியதில், அந்த வாரத்துக்குள் போயின. மைத்துனர் மேலே வந்து என் அருகில் நின்றார். வலையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

"பாவம் அத்தான். மருந்து கொஞ்சம் கூடிப்போச்சோ?"

அவர் குரலில் இருந்த கரிசனத்தை நான் நம்பினேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கிள்ளான் சென்றேன். நான் அமர்வதற்குள்ளேயே தலைவர் என் கையைப் பற்றினார்.

"சிக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. தொட்டிய மேரு ஊருல உள்ள மீன் கடைக்காரங்கிட்டயே விட்டுடலாம்னு பாக்குறோம். வாசல்ல வெக்கிறது, செத்துக் கித்துப் போனா நல்லா இருக்காது. நீங்க மருந்து நெறைய போடுவீங்கன்னு மச்சான் சொன்னாரு."

பின்வரிசையில் ஒருவர், "மீனுக்கும் சிக்கு பரீட்சை வெச்சிட்டாரு போல. எல்லாம் ஃபெயில் லா," என்றார். சிரித்தார்கள். மைத்துனர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

உண்மை எனக்குத் தெரிந்தது எதிர்வீட்டு அம்மையாரால். மின்தூக்கிக்காக நின்றபோது அவரே பேச்சைத் தொடங்கினார்.

"அங்கிள், உங்களுக்கு நன்றி சொல்லவே இல்ல. நீங்க வர்றதுக்கு முந்தின நாளு தண்ணி கட் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழம, வீடு கழுவாம எப்படி வெளக்கேத்தறது? உங்க மச்சான்தான் உங்க பீப்பாயிலேருந்து வாளி வாளியா கொடுத்தாரு. கீழ்வீட்டுக்கும் கொடுத்தாரு. 'அத்தான் ஒன்னும் சொல்லமாட்டாரு'ன்னாரு."

"பிறகு?"

"தண்ணி வந்ததும் அவரே பைப்பத் தொறந்து ரொப்பி வெச்சாரு. ஒரே குளோரின் வாடை. நல்ல மனுஷன் அங்கிள்."

நீர்த்தடைக்குப் பின் வரும் முதல் நீரில் குளோரின் வாடை தூக்கலாக இருப்பதை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். அந்த நீரைத்தான் என் கையாலேயே என் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

நேரே கீழே இறங்கிச் சென்றேன். அவர் மறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு கொடுத்துட்டேன் அத்தான். தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன். மீன் செத்ததும் பயமாப் போச்சு."

"பயந்தீங்க, சரி. நான் மருந்து நெறைய போட்டேன்னு சங்கத்துல எதுக்குச் சொன்னீங்க?"

அவர் தலைகுனிந்தார். "அவங்க கேட்டாங்க. எதாச்சும் சொல்லணுமே. இப்பப் போய் மாத்திச் சொன்னா என் மானம் என்னாவறது?"

தம்முடைய மானத்தைப் பற்றி என்னிடமே கேட்டார். நீரைக் கொடுத்ததை நான் குறையாகக் கருதவில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். நான் கேட்டபோது பொய் சொன்னதையும், பிறகு என் பெயரை வைத்துத் தம் பெயரைக் காத்துக்கொண்டதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. மனைவி, "தம்பிதானே, விட்டுடுங்க," என்றாள். அவளுக்காக அன்று நடந்ததைச் செயற்குழுவுக்கு எழுதிப் போடாமல் இருந்தேன். அவருடன் பேசுவதில்லை.

மண்டபத் தொட்டி இன்று மேருவிலிருந்து வருபவரின் பொறுப்பில் இருக்கிறது. அதைக் கடந்து செல்பவர்களிடம், சிக்குவின் மீன்கள் மருந்து மிகுந்ததால் செத்தன என்று சங்கத்தார் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. நான் மருந்தை ஒருமுறையும் அளவுக்கு மீறி இட்டதில்லை. மருந்தே இடப்படாத குழாய் நீரை, என் அனுமதியின்றி, என் மைத்துனர் பீப்பாயில் நிரப்பினார். என் மீன்கள் அதனால் செத்தன.