கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த வரைபடம்

இணையப் பக்கம் ஒன்றை வடிவமைத்து முடித்ததும் எங்கள் அலுவலக அக்கா செய்கிற முதல் வேலை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பது. பிறகு இடது கையில் கைப்பேசி, வலது கையில் கனமான ஒரு பை. வெயில் அடிக்கும் வெளிப்படிக்கட்டில், கட்டைவிரல் ஒன்றால் பக்கத்தைத் தள்ளிச் சோதித்துக்கொண்டே இறங்குவார். பக்கத்து இருக்கைக்காரனான எனக்கு, அவர் திரும்பி வரும் முகமே முடிவைச் சொல்லிவிடும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்த அன்றும் அக்கா அப்படித்தான் இறங்கினார். கடையைப் பெரிய சாலையிலிருந்து பின்சந்துக்கு மாற்றியிருந்தார் அந்த மனிதர். வாடிக்கையாளர்கள் வழி தெரியாமல் சாலையிலிருக்கும் போட்டிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்களாம். இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். இத்தனைக்கும் அவருடைய இணையப் பக்கத்தில் முழு அகலத்துக்கு ஒரு வரைபடம் இருந்தது.

மேலே வந்த அக்கா கைப்பேசியை அவரிடமே கொடுத்தார். "போன் நம்பர் கீழ இருக்கு சார். தள்ளிப் பாருங்க."

தள்ளினார். பக்கம் அசையவில்லை, வரைபடம்தான் நகர்ந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினார்.

"என்னம்மா, கடை ஏரிக்குள்ள போயிடுச்சு."

"இனி மீனுக்குத்தான் கண்ணாடி விக்கணும்" என்றார் அக்கா.

மாலைக்குள் அக்கா அதை எடுத்துவிட்டு நகராத படம் ஒன்றை வைத்தார். பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, சந்து, கடை. அவ்வளவுதான். எழுத்துகள் தடிதடியாக இருந்தன. தொட்டால் முழு வரைபடம் தனியாகத் திறக்கும். 'மருந்துக்கடையை ஒட்டித் திரும்பினால் மூன்றாவது கதவு' என்று அடியில் ஒரு வரி.

கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "மத்த தெருவெல்லாம் எங்கம்மா?"

"அங்கல்லாம் உங்க கடை இல்லையே சார். கண்ணு சரியா தெரியாதவங்கதான உங்ககிட்ட வர்றாங்க? அவங்களுக்குத் தெரியணும்."

"ஆள் வரலைன்னா?"

"வருவாங்க. வரலைன்னா நானே சந்து முனையில நின்னு கூவுறேன்."

கூவ வேண்டியிருக்கவில்லை. காத்திருப்பவர்கள் உட்கார பெஞ்சு வாங்கிப் போட்டதாக அடுத்த மாதம் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

பிறகொரு நாள் அக்காவின் கண்ணாடிக் காம்பு கழன்றது. சரிசெய்ய அந்தக் கடைக்காரரிடம் நான்தான் கொண்டுபோனேன். கண்ணாடிக் கூட்டைக் கையில் வாங்கியவர் மூடியைப் பார்த்துச் சிரித்தார். அதில் போட்டிக் கடையின் பெயர் இருந்தது.

திரும்பி வந்து கேட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவர் கடையத் தேடித்தான்டா போனேன், அவர் நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி. நல்ல வெயில், ஒரு கையில காய்கறிப் பை. மேப் ஏரிக்குப் போயிடுச்சு. எதிர்ல தெரிஞ்ச கடைக்குள்ள நுழைஞ்சுட்டேன்."