தணிகைவேலின் கார்டு

புவனேஸ்வரி அந்த வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்துக்கான ரசாயனங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை. பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் போவாள். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

கழுவுவதற்காக ரசாயன டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன், விஷவாயு இருக்கிறதா என்று பாதுகாப்பு அதிகாரி அளந்து பார்த்து, இறங்கலாம் என்று கம்ப்யூட்டரில் பெர்மிட் கொடுக்க வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது மானிட்டர் ஓரத்தில் ஒட்டியே இருந்தது. யார் பெர்மிட் கொடுத்தது என்று கேட்டால் பதில் வராது. அதை மாற்றத்தான் நிர்வாகம் ஸ்மார்ட் கார்டு வாங்கியது. அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து, ஆளுக்கொரு கார்டும் ரகசிய எண்ணும் கொடுத்து, கார்டு செருகினால்தான் பெர்மிட் பக்கம் திறக்கும்படி செய்தாள்.

"இந்தக் கார்டு உள்ள போனா நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி. நம்பர யாருக்கும் சொல்லாதீங்க" என்று பயிற்சியில் சொன்னாள்.

கார்டு வந்த மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. பாதுகாப்பு அதிகாரி தணிகைவேல், வாயு அளக்கும் கருவியின் பதிவை ஏற்றத் தெரியவில்லை என்று அவள் அறைக்கு வந்திருந்தார். அப்போது அவள் திரையில் ஒரு வரி ஓடியது. தணிகைவேல், உற்பத்திப் பிரிவு கம்ப்யூட்டர், பெர்மிட் வழங்கப்பட்டது.

"சார், உங்க கார்டு எங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். "மேனேஜர் டேபிள்ல கீதும்மா. நம்பரும் சொல்லிட்டேன். நான் வந்து பெர்மிட் போடுற வரைக்கும் புரொடக்‌ஷன் லைன் நிக்குதாம். இன்னா பண்ண சொல்ற?"

அவள் உற்பத்தி மேனேஜர் வசந்தகுமாரிடம் போய், தணிகைவேலின் கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கார்டு வேலை செய்யுதில்ல? அதோட உன் வேலை முடிஞ்சுதும்மா."

அன்று அவள் எதுவும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் செய்யவில்லை. அந்த இரண்டு நாளில் தணிகைவேல் பெயரில் ஏழு பெர்மிட் ஓடின. ஒவ்வொன்றையும் அவள் பார்த்தாள். 

புதன்கிழமை காலை நாலாம் நம்பர் டேங்கைக் கழுவப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. பத்தேகாலுக்கு அவள் தணிகைவேலின் கார்டை ரத்து செய்தாள்.  இனி அந்தக் கார்டு எங்கேயும் திறக்காது என்று நினைத்தாள்.

பத்து நாற்பதுக்கு வரி ஓடியது. தணிகைவேல், நாலாம் டேங்க், பெர்மிட் வழங்கப்பட்டது.

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ரத்தான கார்டுகளின் பட்டியலை சர்வர் நாளுக்கு ஒருமுறைதான் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சரிபார்த்தால் லாகின் ஆக நேரமாகிறது என்று எல்லோரும் முணுமுணுத்ததால், அவளேதான் அப்படி வைத்திருந்தாள். நாளை காலை வரைக்கும் அந்தக் கார்டு செல்லும்.

ஓடினாள். டேங்கின் மூடி திறந்திருந்தது. மேலே நின்றவன் உள்ளே குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "நாகமுத்து! யோவ் நாகமுத்து!"

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

நாகமுத்து பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர். ஒப்பந்த வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் வசந்தகுமார் நாலாம் டேங்க் பெர்மிட் தாளை வைத்தார். "கார்டு தணிகைவேலோடது சார். நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பொண்ணே ட்ரெயினிங்ல சொல்லிச்சு."

தணிகைவேல் தலை நிமிரவில்லை. நாகமுத்து இறங்கிய நேரத்தில் அவர் கிடங்கில் தீயணைப்பு உருளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி இல்லை.

புவனேஸ்வரி முழுப் பதிவையும் கொடுத்தாள். கார்டு செருகப்பட்டது வசந்தகுமாரின் மேஜைக் கம்ப்யூட்டரில் என்பது அதில் இருந்தது. அவள் கார்டை ரத்து செய்த நேரமும் இருந்தது.

"ஏம்மா ரத்து செஞ்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"கார்டு மேனேஜர்கிட்ட இருக்கறது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் சார்."

வசந்தகுமாரைக் கைது செய்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். தணிகைவேலுக்கும் அவளுக்கும் வேலை போயிற்று. வழக்கு நடக்கிறது. அவள் சாட்சி. பொன்னேரி கோர்ட்டில் போன மாதம் வாய்தா. வராந்தா பெஞ்சில் நாகமுத்துவின் மனைவி செங்கம்மாள் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"திங்கக்கெழமையே தெரியும்னு சொன்னியாமே."

"ஆமாக்கா."

"ரெண்டு நாளு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

உள்ளேயிருந்து சாட்சி சொல்லப் புவனேஸ்வரி பெயரைக் கூப்பிட்டார்கள். "வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.