எந்தக் கலர் போட?

“கொஞ்சம் வழி விடுங்க” என்று முனகிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து போகிறார், மைதானத்தில் எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்று கூப்பிடும் பழுதுபார்ப்பவர். அந்த வரிசையில் ஈ, காக்கை கிடையாது. ஆட்டம் இல்லாத நாள். வேண்டிய இடம் வந்ததும் மண்டிபோட்டு, உடைந்த இருக்கையைக் கழற்றி, புதியதை வைத்து முடுக்குகிறார். பிறகு எழுந்து, திரும்பி, அதன்மேல் தொப்பென்று விழுகிறார். கிறீச்சிட்டால் மறுபடியும் மண்டி. சத்தமில்லாவிட்டால் அடுத்த வரிசைக்காரர்களிடம் வழி கேட்கப் போய்விடுவார்.

காலி இருக்கைகளிடம் வழி கேட்பதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மைதானம் அப்படி. மஞ்சள், பச்சை, செங்கல் நிறம் என்று மூன்று நிறத்து இருக்கைகளை அள்ளி இறைத்ததுபோல் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கூட்டம் நெரிபடுகிற மாதிரியே இருக்கும். மேலே, தூணே இல்லாமல் கம்பிக் கயிறுகளில் தொங்கும் கூரை. வெயில் ஏற ஏற அதன் நிழல் இருக்கைகள்மேல் ஊர்ந்து போகும்போது, யாரோ எழுந்து நின்று கை தட்டுகிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். இதைப் படம் பிடிக்கவே எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். படம் பிடிப்பவர்களுக்கு என்ன, பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கழன்றதை மாட்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேற்பார்வையாளரிடம் கேட்டார், எந்த இடத்தில் எந்தக் கலர் என்று. “எது கழண்டுச்சோ அதே கலர்ண்ணே, இதுல என்ன குழப்பம்?” என்றார் அவர். நியாயம்தான். ஆனால் தோற்ற அணியின் ரசிகர்களுக்கு இந்த நியாயம் தெரியவில்லை. ஒரு ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி, இரண்டு வரிசையை முழுசாகப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டார்கள். துண்டுகள் எல்லாம் ஒரே சாக்கில் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தன. எது எங்கே இருந்தது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றவர், கடைசியில் கைக்கு வந்த புது இருக்கைகளைக் குத்துமதிப்பாக மாட்டிவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம், எத்தனையோ தோல்வி, எத்தனையோ சாக்கு. எல்லாம் குத்துமதிப்புதான்.

மேற்பார்வையாளர் அறையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மாதத்துக்கு ஒன்றாக உலகத்தின் பேர்போன மைதானங்கள். பாறையைக் குடைந்து கட்டியது ஒன்று, செங்கல் வளைவுகளாலேயே சுற்றி எழுப்பியது ஒன்று, கடலை ஒட்டி நிற்பது ஒன்று. மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இவர் மூக்கு உரசுமளவுக்குக் குனிந்து இருக்கைகளை மட்டும் பார்ப்பார். “முழுக்க நீலம். இங்க பாரு, முழுக்கச் சிவப்பு. அங்க வேலை பாக்குறவன் கொடுத்து வச்சவன்ப்பா” என்று பெருமூச்சு விடுவார்.

போன மாதம் அந்த அறையில்தான் அவரைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் வரிசையில் இந்த மைதானத்தையும் சேர்க்கப் போகிறார்களாம். கட்டியது கட்டியபடி இருக்கிறதா என்று பார்க்கக் குழு வருகிறதாம். மைதானத்தை வடிவமைத்த அம்மாவும், இந்த வயதிலும், கூடவே வருகிறாராம். ஒரு இருக்கை மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்றார் மேற்பார்வையாளர். ஒன்றா? ஸ்பேனருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைதானத்தின் பேர் கெடும், தன் வேலையும் போகும். இந்த வயதில் வேறு எங்கே போய் எதை முடுக்குவது?

சலவைக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி எதையும் இஸ்திரி போட்ட துணிபோல் ஒரு சுருக்கமும் இல்லாமல் நேராகப் பேசுகிறவர். “கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா வாயைத் தொறக்காதீங்க” என்றார். அருமையான யோசனை. ஆனால் குழு வந்த அன்று, இருக்கை இன்னும் மாட்டாத ஒரு வெறும் கம்பியருகே அந்த அம்மா ஊன்றுகோலோடு வந்து நின்றதும், யாரும் கேட்காமலே இவர் வாய் திறந்துகொண்டது. அத்தனையையும் கொட்டிவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. எதையெல்லாம் மாற்றினீர்கள், காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். ஸ்பேனர் திரும்பிப் பார்த்தார். மஞ்சள், பச்சை, செங்கல். தான் போட்டது எது, முன்பே இருந்தது எது? தன் கையால் முடுக்கியதில் ஒன்றைக்கூட அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அந்த அம்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கும் தெரியல தம்பி.”

“வரைபடம் இருக்குமேம்மா?”

“கூரைக்கு இருக்கு. இதுக்கு ஏது? லாரியில வந்து இறங்கினதை நானும் ஆளுங்களுமா எடுத்து எடுத்துப் போட்டோம். கூட்டம் வராம போயிடுமோன்னு பயம் எனக்கு. காலியா இருந்தாலும் காலியாத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.”

நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டியவர் இன்னும் மோசமாகக் குழம்பிப்போனார். சரி என்று ஒன்று இல்லையென்றால் தப்பு எப்படி இருக்கும்? தப்பே இல்லையென்றால், இத்தனை வருடம் யாருக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தார்? அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த அம்மா வெறும் கம்பியை ஊன்றுகோலால் தட்டினார். “இதுல என்ன போடப் போறீங்க?”

“நீங்களே சொல்லிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“இவ்வளவு நாளா நீங்கதானே போட்டீங்க. நீங்களே போடுங்க” என்று சொல்லிவிட்டு, குழு நின்றிருந்த பக்கம் மெல்லப் படியேறிப் போய்விட்டார்.

மேற்பார்வையாளர் சாயங்காலம் வந்து, “குழு சரின்னு சொல்லிட்டாங்க, வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்கண்ணே, எல்லாம் சுபம்” என்று மேல்படியிலிருந்து குரல் கொடுத்தபோது ஸ்பேனர் காதில் அது விழவில்லை. அவர் பச்சையை மாட்டியிருந்தார். கீழே இறங்கி, புல்வெளியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி நடந்து வந்து, பச்சையைக் கழற்றிவிட்டு மஞ்சளை எடுத்தார்.