வீட்டிலேயே பார்த்த ரிப்பேர்

குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: எங்களிடம் வரும் சாமானுக்கு நாங்கள் முதல் மெக்கானிக் இல்லை. வீட்டில் யாராவது ஏற்கெனவே பார்த்து முடித்திருப்பார்கள். கம்பி சுற்றியிருக்கும், துணி அடைத்திருக்கும், மெழுகு உருக்கி ஊற்றியிருக்கும். அதையெல்லாம் கழற்றி எடுப்பதே எங்களுக்குப் பாதி வேலை. உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

நான் திருப்பத்தூரில் ஒரு கடையில் வேலை பழகினேன். கல்யாணமான பிறகு ஒடுகத்தூரில் சொந்தக் கடை போட்டேன். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் கம்பெனிக்குப் போகிறார், கடை என்னுடையது. எல்லோருக்கும் நான் ஸ்டெல்லாக்கா. வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறவர்களை நான் கேலி பண்ணமாட்டேன். என் வீட்டிலும் புளிச்சக்கையும் எலுமிச்சைத் தோலும்தான் பாத்திரம் துலக்குகின்றன. ஆனால் எதைக் கொண்டு எதை மாற்றுகிறோம் என்பதில் சில சமயம் பெரிய விலை இருக்கிறது.

சோற்றில் ஒரு வாசனை

குப்பம்மா நிலத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துக்காரி. ஒரு நாள் குக்கரோடு வந்தாள். "சோறு ஒரு மாதிரி நாறுதுக்கா. அரிசிதான் சரியில்லன்னு நெனச்சேன். அரிசி மாத்தியும் போவல" என்றாள்.

மூடியைத் திருப்பினேன். ஆவி கசியாமல் அடைக்கிற காஸ்கட் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ட்யூப். வளையமாக வெட்டி, இரண்டு முனையையும் பஞ்சர் ஒட்டுகிற பசையால் சேர்த்து, அவ்வளவு கச்சிதமாகப் பொருத்தியிருந்தாள். ஆவி துளிகூடக் கசியாது. கை வேலையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த ரப்பரும் பசையும் ஆவியில் வெந்து தினமும் சோற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. அதை எடுத்துச் சொன்னேன். "பழைய ட்யூபு சும்மாதானே கெடக்குதுன்னு போட்டேன்" என்றாள். புதுக் காஸ்கட்டைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், போகவில்லை. சோறு நாறுகிறது என்று ரேஷன் கடையில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சண்டை போட்டிருக்கிறாள். அது பெரிதில்லை, அவளை வேறொன்று உறுத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ரேஷன் கடக்காரன்கிட்ட தப்பாப் பேசிட்டேன்னு சொல்லிக்கலாம்கா. எங்க சின்னது தட்டத் தள்ளித் தள்ளி வெச்சிது. முதுகுல ரெண்டு வெச்சி துன்ன வெச்சேன். அதுங்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

மரத்தூள் அடுப்பு

மழைக்காலத்தில் எங்கள் ஊர் மலைப் பாதையில் மண் சரிந்தால் சிலிண்டர் வண்டி மேலே ஏறாது. மலைமேல் இருக்கும் செல்வி ஒரு புரட்டாசியில் நடந்தே இறங்கி வந்தாள். அவள் தங்கை பிரசவமாகி வீட்டில் இருந்தாள். சிலிண்டர் காலி, விறகெல்லாம் நனைந்து கிடந்தது. "பச்சப் புள்ளைக்குத் தண்ணி காய வெக்கணும்கா. உன்னாண்ட எதுனா பழைய ஸ்டவ்வு கீதா?" என்று கேட்டாள்.

ஸ்டவ் இருந்தது, மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? கடையில் கிடந்த காலி பெயின்ட் டின் ஒன்றை எடுத்து, உள்ளே நெருப்பு போட்டுப் பெயின்டை எரித்துச் சுரண்டினேன். அடிப்பக்கம் ஓரமாக ஒரு ஓட்டை வெட்டினேன். டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு குச்சியை அதன் அடிவரை விட்டு, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் குச்சியையும் மெல்ல உருவினால் காற்று போக வழி கிடைக்கும். கீழே பற்றவைத்தால் ஒரு சமையலுக்குத் தாங்கும். மரம் அறுக்கிற ரம்பக் கடையில் மரத்தூளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். செல்வி டின்னைத் தலையில் வைத்து, தூள் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டாள். புகை வரும், வீட்டுக்குள் வைக்காதே, தாழ்வாரத்தில் வை என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

அன்றெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. தூள் நனைந்திருக்குமோ, சரியாக இறுக்கத் தெரியாமல் அணைந்திருக்குமோ என்று மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை சரியானதும் வந்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அக்கம்பக்கத்திலும் அதே மாதிரி அடுப்பு செய்துகொண்டார்கள் என்றாள். போகும்போது திரும்பி நின்று சொன்னாள்: "கேஸு சொல்லாமக் கொள்ளாமத் தீர்ந்துடுதுக்கா. இது பொகைய வுட்டு, தீரப்போறேன்னு சொல்லிட்டுத் தீருது."

உருகாத வால்வு

சேகர் எங்கள் தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கேட், ஜன்னல் கிரில் எல்லாம் செய்வான். கெட்டிக்காரன், கோபக்காரனும்கூட. விசில் கேட்டு ஒரு நாள் குக்கர் மூடியோடு வந்தான். மூடியில் சேஃப்டி வால்வு இருக்கும் இடத்தில் ஒரு இரும்பு போல்ட் முறுக்கியிருந்தது.

"தண்ணி சுண்டி வால்வு உருகிப்போச்சிக்கா. அதான் மரை வெட்டி போல்ட்டு போட்டுட்டேன். இது எந்தக் காலத்துலயும் உருகாது" என்றான்.

"உருகறதுக்குத்தான் சேகரு குக்கர் செய்யறவன் அத வெச்சிருக்கிறான். விசில் அடச்சிகினா ஆவி போறதுக்கு வேற வழி ஏது? வால்வு மாத்து, அப்புறம் விசில் தர்றேன்."

"இரும்புலயே பொழைக்கிறவன் நானு. என்னாண்டயே சொல்றியா?" மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். வேறு கடையில் விசில் வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஒரு வால்வோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மஞ்சுளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. பட்டறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெச்சிட்டுப் போங்கக்கா. அவரு மனசு நல்லா இருக்கறப்ப சொல்றேன்" என்றாள்.

அதற்குள் நடந்துவிட்டது. துவரம்பருப்பு பொங்கி விசிலை அடைத்துக்கொண்டது. சத்தம் என் கடைவரைக்கும் கேட்டது; லாரி டயர் வெடித்தது என்றுதான் நினைத்தோம். உப்பு எடுக்கத் திரும்பியதால் மஞ்சுளாவுக்கு முகம் தப்பியது. வலது கையும் தோளும் வெந்துவிட்டன. ஆட்டோவில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கப் போனபோது சேகர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான்.

அவள் வீடு திரும்பிய பிறகு, ஒரு மத்தியானம் சேகர் கடைக்கு வந்து அந்த மூடியை மேஜைமேல் வைத்தான். விளிம்பெல்லாம் பிதுங்கி, ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அதன் நடுவில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "போல்ட்டு மட்டும் அப்டியே கீதுக்கா. அதுக்கு ஒண்ணுமே ஆவல."

பிடிக்க முடிகிற கரண்டி

புண் ஆறினாலும் மஞ்சுளாவின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தோல் இழுத்துக்கொண்டிருந்தது. பயிற்சி செய்யச் செய்யச் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதுவரை கரண்டி அவள் கையில் நிற்கவில்லை. சமையல் சேகர் தலையில் விழுந்தது. அவன் வைக்கிற குழம்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பட்டறையில் உட்கார்ந்து தடித்த பிடி வைத்து ஒரு கரண்டி செய்தான். எல்லாம் இரும்பு. அவளால் தூக்கவே முடியவில்லை. இரண்டாவதில் பிடியைக் குழாயாக்கினான். அது அடுப்புச் சூட்டில் கொதித்தது.

மூன்றாவது தடவை என்னிடம் வந்து, "நீ சொல்றாப்ல செய்யறேன்கா" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயில் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. லேசான அலுமினியக் கரண்டி ஒன்றை எடுத்துக் காம்பைக் கொஞ்சம் வளைத்தோம். காம்பின் மேல்பாதியில் துணி சுற்றித் தடிமனாக்கி, மேலே சைக்கிள் ஹேண்டில்பார் உறையைச் செருகினோம். நெருப்பிலிருந்து தள்ளி, கை படுகிற இடத்தில் மட்டும் இருக்கும்படி அவனே அளவு பார்த்தான்.

வீட்டுக்குப் போய்க் கொடுத்தோம். இப்போது அங்கே பருப்பு திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது. மஞ்சுளா கரண்டியை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தாள். விழவில்லை. பருப்பை ஒரு சுற்று கிண்டினாள். நுனியால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பே இல்ல" என்றாள். சேகர் சிரிக்க வாய் திறந்தான். அப்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவன் செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்குப் போய்விட்டான். மஞ்சுளா கிண்டுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தெனமும் இப்டித்தாங்கா. வெந்தது என் கை. ஓடுறது அவரு."

வீட்டிலேயே செய்துகொள்ளாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது; செய்ததை அடுப்பில் ஏற்றும் முன் ஒரு தடவை கடைப்பக்கம் காட்டிவிட்டுப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், எல்லோரும் சரி என்கிறார்கள், ஏற்றிய பிறகுதான் வருகிறார்கள்.