பாலத்தில் தொங்கிய கேப்டன் கொதிகலன்

டெல்மர் கோவாச்சுக்குக் கூரை ஓரத் தகரக் கால்வாய்களில் அடைத்துக்கொண்ட இலைகளை அள்ளும் வேலை. பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, ஆற்றோரத்து இரும்பாலை ஊரில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவர். ஒன்பது வயதில் 'கேப்டன் கொதிகலன்' படக்கதையைப் படிக்க ஆரம்பித்தார். நெஞ்சுக்குள் நீராவி கொதிக்கும் வீரன். ஆவி தீர்ந்தால் சாதாரண ஆள்.

இந்த வருஷப் பிப்ரவரி இதழின் கடைசிப் பக்கத்தில், ஆவி சுத்தமாகத் தீர்ந்துபோன கேப்டன், ஊர்ப் பாலத்தின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினார். கீழே பனிக்கட்டி மிதக்கும் ஆறு. ஓவியருக்கும் அதே ஊர்தான். பாலத்தின் ஆணிகூடப் பிசகவில்லை.

அடுத்த இதழ் கேட்டுப் போனபோது, புத்தகக் கடை வாண்டா உதட்டைப் பிதுக்கினாள்.

"இனி வராது டெல்மர். அதைப் போடற கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க."

"மூடட்டும். அவரை யாரு மேல ஏத்துவா?"

"யாரை?"

"தொங்கிட்டிருக்காரே, அவரை!"

வாண்டா ஆறுதலுக்கு வேறொரு வீரனின் புத்தகத்தை நீட்டினாள். டெல்மர் தொடவில்லை. சாவு வீட்டில் யாரோ ஜோக் அடித்த மாதிரி அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் முட்டைக்கோஸ் உருண்டை ஆறிப்போனது. மனைவி ஐரீனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ரெண்டு தட்டு தின்ன மனுஷன்தானய்யா நீ!"

"உங்கப்பா படுத்திருந்தாரு ஐரீன். இவரு தொங்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை ஐரீன் தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து, டெல்மர் ஏணியை வண்டியில் கட்டிப் பாலத்துக்குப் போனார். கம்பியில் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டார். போகிற வருகிறவர்கள் பதறிப்போய் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார்கள். சிவப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. தீயணைப்புப் படைத் தலைவி ரூத் டொனெலி குதித்து இறங்கினார்.

"யாராச்சும் தொங்கறாங்களா?"

"ஆமாம்மா."

ரூத் எட்டிப் பார்த்தார். "யாரையும் காணோமே."

டெல்மர் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். ரூத் படத்தைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். பிறகு முகம் சுளித்தார்.

"என்னய்யா நீ, தப்பான பக்கம் கயிறு விட்டிருக்கே! ஆலைப் புகைபோக்கி அவருக்கு இடது கைப்பக்கம் இருக்கு பாரு. ஆள் எதிர்ப்பக்கம் தொங்கறாரு. டேய், தடிக் கயிறை எடுங்கடா!"

எதிர்ப்பக்கம் கயிற்றை விட்டு நாலு வீரர்கள் இழுத்தார்கள். ஒருவன் மூச்சு வாங்கினான். "என்ன கனம் கனக்கறாரு!"

"பின்னே, கொதிகலன்னா சும்மாவா?" என்றார் ரூத். கயிற்று நுனி கைப்பிடியைத் தாண்டி மேலே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்குள் சேதி கேட்டுத் தேவாலயத்திலிருந்து நேரே காரில் வந்து சேர்ந்தாள் ஐரீன். வாயைத் திறந்தாள், தீயணைப்பு வீரர்கள் தொப்பியைக் கழற்றி நிற்பதைக் கண்டு மூடிக்கொண்டாள். காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"சீட்டுல கரி ஒட்டாம உக்காரச் சொல்லு. அப்புறம், நம்ம வீட்டுல எல்லாம் இடமில்ல. பஸ் ஸ்டாண்டுல விட்டுடலாம்."

அப்படியே விட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் டெல்மர் கழுத்தைத் திருப்பிக் காலியான பின்சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இப்ப என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. இத்தனை வருஷப் பழக்கம். குளிருக்கு ஒரு கோட்டு வாங்கிப் போட்டுக்கங்கன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்."

ஐரீன் ஏதோ முணுமுணுத்தபடி காரைப் பஸ் ஸ்டாண்டுக்கே திருப்பினாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கிளீவ்லாந்து பஸ் கிளம்பிவிட்டிருந்தது. டெல்மர் அது வளைவில் மறைகிற வரைக்கும் கையாட்டினார். கொஞ்சம் பின்னால் நின்று, யாரும் பார்க்காத மாதிரி, ஐரீனும் ஆட்டினாள்.