பாலத்தடிக் கெண்டைக்கு ஒரு சர்வதேசச் சட்டம்

இந்த வாரம் கொஞ்சம் தலைக்கனத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெனீவாவில் பெரிய பெரிய நாடுகள் கூடிக் கூடிக் கலைகிற ஒரு விஷயம், போன ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டை ரோட்டில், ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் முடிந்துவிட்டது. முடித்து வைத்தவர்களில் அடியேனும் ஒருவன். என் பங்கு எவ்வளவு என்பதைப் படித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

விஷயம், மீன்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில் கடல் மீனைப் பற்றி ஒரு விளாசு விளாசியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு நாடும் போட்டி போட்டுக்கொண்டு பெரிய கப்பல், பெரிய வலை என்று இறங்கிவிட்டது... இப்படியே போனால் சில ஜாதி மீன்களைப் புத்தகத்துப் படத்தில்தான் பார்க்கவேண்டும்... ஆகவே எல்லா நாடும் சேர்ந்து சட்டம் போட வேண்டும், குஞ்சைப் பிடிக்கக் கூடாது, முட்டையிடும் காலத்தில் வலை போடக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மாத்தளையில் உட்கார்ந்து கடலுக்குச் சட்டம் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கம் நடந்தாலும் மலைதான் வரும், கடல் வராது. யாரும் வந்து கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிலோமினா அக்காவை மறந்துவிட்டேன்.

இரத்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பாலம். பாலத்தோரம் அக்காவின் தேத்தண்ணிக் கடை. பாலத்துக்குக் கீழே ஓயா என்கிற சிற்றாற்றில் ஒரு மடு. அந்த மடுவில் கெண்டை மீன்கள் முழங்கை நீளத்துக்குத் திரியும். சிங்களத்தில் லெஹெல்லா என்பார்கள். பஸ் அங்கே நிற்கும். டிரைவர் தேத்தண்ணி குடிப்பார். பயணிகள் இறங்கிப் பாண் ரொட்டி வாங்கி மீனுக்குப் பிய்த்துப் போடுவார்கள். மீன் துள்ளுவதைப் பார்க்கிற பிள்ளைகள் லேசில் பஸ் ஏறுமா? அதற்குள் பெரியவர்களுக்கு ஒரு வடை, ஒரு பிளேன்டீ. அக்காவின் வியாபாரமே அந்த மீன்களை நம்பித்தான்.

பள்ளிக்கூட வேலையாகப் போனபோது நானும் அங்கே இறங்கினேன். அக்கா தேத்தண்ணியை ஆற்றியபடியே ஆரம்பித்தார்.

"கடல் மீனுக்கெல்லாம் சட்டம் போட்டுட்டீங்களாமே மாஸ்டர். அப்படியே ஒரு எட்டு கீழ பாருங்க."

எட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு துண்டு பாண் விழுந்தால் மடுவே கொதிக்கும். இப்போது யாரோ போட்ட துண்டு பாட்டுக்கு மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஒரேயொரு கெண்டை வந்து அதை முகர்ந்துவிட்டுத் திரும்பியது.

"இந்த வருஷம் கான் அடைப்போட இதுவும் போயிரும்" என்றார் அக்கா. "மீன் இல்லாட்டி இங்க பஸ் நிக்காது. முந்தாநாளு ஒண்ணு நிக்காமலே போயிருச்சு. எங்க வீட்டுக்காரர் செத்தப்புறம் தோட்டத்துல குடியிருந்த லயத்துக் காம்பராவையும் எடுத்துக்கிட்டாங்க. இந்தக் கடைய விட்டா நான் எங்க போறது, சொல்லுங்க."

கான் அடைப்பு என்றால் என்னவென்று டவுன்காரர்களுக்குச் சொல்லவேண்டும். அங்குள்ள தேயிலை பக்டரியின் டர்பைன் சுற்றுவதற்காக ஓயாவிலிருந்து வாய்க்கால் மாதிரி ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள். அது மேலே தோட்டத்துக்குள் தொடங்கி, நடுவில் சிங்களக் கிராமத்து வயலோரமாக வந்து, கீழே பஜாருக்குப் பின்னால் பக்டரியை அடைகிறது. மழைக் காலத்தில் முட்டையிட ஓயாவில் ஏறுகிற மீன்களில் பாதி, வழி மாறி இந்தக் கானுக்குள் புகுந்துவிடும். மழை ஓய்ந்ததும் சேறு வாருவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கானை அடைப்பார்கள். கான் தொடங்குகிற தலைவாசலில் பலகைகளைப் படாரென்று இறக்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வற்றிவிடும். மீன்கள் சேற்றில் கிடந்து துடிக்கும்.

அப்புறம் என்ன? தோட்டத்து ஆட்கள் வாளியோடு, கிராமத்து ஆட்கள் கூடையோடு, பஜார் ஆட்கள் வலையோடு. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் உடுத்திருந்த சாரத்தோடு. போன வருடம் ஒரு கெண்டைக்காக இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் காலில் மிதிபட்டே செத்தன.

"மூணு பக்கத்து ஆளுங்களையும் கூப்புடுறேன். நீங்க வந்து சட்டத்தச் சொல்லுங்க" என்றார் அக்கா. எழுதினவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அக்காவின் கடையிலேயே மாநாடு. தோட்டத்தின் சார்பில் தொழிற்சங்கத் தலைவர் ஆறுமுகம். கிராமத்தின் சார்பில் வயல்காரர் முதியான்சே. பஜாரின் சார்பில் பேக்கரி ஹனிபா நானா. நான் எழுந்து, கடல், நாடுகள், எதிர்காலச் சந்ததி என்று ஒரு பிரசங்கம் செய்தேன். மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். அடைப்பு நாளில் ஒரு மீனையும் தொடக்கூடாது என்று முடித்தேன்.

"ஒண்ணையுமா?" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் முதலில் ஒற்றுமைப்பட்டது அந்த இடத்தில்தான்.

பேரம் தொடங்கியது. கடைசியில், சின்ன மீனை விட்டுவிடுவது, பெரிய மீனை அது சிக்குகிற பகுதிக்காரர் எடுத்துக்கொள்வது என்று வந்து நின்றது. சின்னது எது, பெரியது எது? ஒரு சாண் என்றேன். யாருடைய சாண்? முதியான்சேயின் கை ஒரு முறம். தலைவருடைய கை பிள்ளைக் கை. இதில் அரை மணி நேரம் போனது. ஹனிபா நானாதான் வழி சொன்னார்.

"ஒரு றாத்தல் பாண வைங்க மாஸ்டர். அது எல்லாருக்கும் ஒரே அளவுதானே."

"உங்க பேக்கரிப் பாணா?" என்று தலைவர் சந்தேகமாகக் கேட்டார். நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவழியாகச் சமாதானம் செய்து பாணையே அளவாக வைத்தோம். அக்காவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"பெருசுதானே மாஸ்டர் முட்ட போடும்? அதப் புடிக்க விட்டுட்டு என்ன சட்டம்?"

சட்டம் என்றால் விட்டுக்கொடுத்துத்தான் போகவேண்டும் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் உறுத்தியது.

ஆனால் உண்மையான முட்டுக்கட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டத்தை யார் பார்த்துக்கொள்வது?

"மாத்தயா, நாங்க சின்னது புடிக்க மாட்டோம்" என்றார் முதியான்சே. "ஆனா நாங்க கைய கட்டி நின்னா, மேல தோட்டத்துல எல்லாம் வழிச்சிருவாங்க."

"நாங்க விட்டு வச்சா கீழ பஜார்ல அள்ளிருவாங்க" என்றார் தலைவர்.

"மேல இருந்து ஏதும் வந்து சேர்ந்தாத்தானே நாங்க அள்ளுறதுக்கு" என்றார் நானா.

ஜெனீவாவிலும் இதையேதான் பேசியிருப்பார்கள்... டை கட்டிக்கொண்டு. நடுக்கடலில் பொலிஸ்காரன் இல்லை. நம் கானிலும் இல்லை. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அக்கா கிளாஸ்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்.

"ஒருத்தர ஒருத்தர் நம்ப முடியாட்டி, ஆளுக்காள் அடுத்தவன் வாசல்ல போயி உக்காந்து காவல் காத்துக்குங்க" என்று கத்திவிட்டேன். வாத்தியார் கோபம். வகுப்பில் கத்துவதுபோல் கத்தியதுதான். யோசனை என்று ஒன்றும் அதில் இல்லை.

அக்கா கழுவுவதை நிறுத்தினார்.

"அது நல்லாத்தானே இருக்கு" என்றார். "நானா தோட்டத்துல போயி உக்காரட்டும். தலைவரு கிராமத்துக்குப் போகட்டும். முதியான்சே அய்யா பஜாருக்கு வரட்டும். ஆனா சும்மா உக்கார வச்சா சண்டதான் வரும். வந்தவங்களுக்கு அந்தந்தப் பக்கத்து ஆளுங்க பகல் சோறு போடணும்."

விருந்துக்கு வா என்றால் நம் ஊரில் யார் மாட்டேன் என்பார்கள்? மூவரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

போன ஞாயிறு அந்த நாள். பக்டரியை நடத்துகிற டீமேக்கரைக் கெஞ்சி ஒரு சலுகை வாங்கியிருந்தோம். பலகைகளைப் படாரென்று போடாமல் ஒவ்வொன்றாக இறக்குவது. பக்க மதகைத் திறந்து வைத்து, வற்றுகிற தண்ணீரோடு மீன்களும் ஓயாவுக்குத் திரும்ப வழி விடுவது. நான் குடையும் கையுமாகக் கானோரம் மேலும் கீழும் நடந்தேன். அட்டைக் கடிக்குக் குறைவில்லை.

மேலே தோட்டத்தில் ஹனிபா நானா, பாணை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாகை மரத்தடியில் இருந்தார். அவருடைய மார்க்கத்துக்குக் குறை வரக்கூடாதென்று அவருக்காகப் புதுச் சட்டி வாங்கி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கியிருந்தார்கள். கீழே பஜாரில் முதியான்சேயை நானாவின் வீட்டார் விட்டால்தானே? இடியப்பம், வட்டிலப்பம்... அவர் கான் பக்கம் வந்து பார்த்ததே வயிற்றைத் தடவிக்கொண்டுதான். ஆனாலும் அவர் நிற்கிறார் என்று தெரிந்து, வலையோடு வந்தவர்கள் வலையைச் சுருட்டினார்கள். மீனைப் பிடிக்க வந்த வாளிகளில் குஞ்சுகளை அள்ளி ஓயாவில் விட்டார்கள். பாணோடு வைத்து அளக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வரவில்லை.

மத்தியானம் நடுப்பகுதியில், வயலோர வளைவில், ஒரே சத்தம். ஓடினேன்.

வளைவுக் குழியில் முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீர். அதில் ஒரு கெண்டை. நான் பார்த்ததிலேயே பெரியது. இரண்டு பாணை நீட்டி வைத்தாலும் போதாது. வயிறு உப்பிக்கிடந்தது. முட்டை. பாலத்திலிருந்து ஓடி வந்த பிலோமினா அக்கா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நம் சட்டப்படி அது கிராமத்து மீன். முதியான்சேயின் தம்பி கிரிபண்டா கூடையோடு குழிக்குள் நின்றான். கானில் மீன் அள்ளுவதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. போன வருடம் உடைந்த மண்டைகளில் ஒன்று அவனுடையது. அதை உடைத்தது தோட்டத்து விறகு. கரையில் தோட்டத் தலைவர், அவன் வீட்டுப் பலாக்காய்க் கறியைச் சாப்பிட்ட கை இன்னும் சரியாகக் காயாமல், நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதிய சட்டம் என்னுடையது. பெரியதை எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டதும் நான்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி உங்க மீன்தான் தம்பி. எடுத்துக்குங்க."

கிரிபண்டா குனிந்தான். நிமிர்ந்தான். "வீட்டுக்கு வந்தவங்க நீங்க. உங்களுக்குக் குடுக்காம நான் எப்படி எடுக்கிறது? நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நான் காவலுக்கு வந்தவன். நான் எடுத்தா நல்லாருக்குமா? நீங்க எடுங்க."

"இல்ல, நீங்கதான்."

"சேச்சே. நீங்க எடுங்க தம்பி."

என் கண்ணையே நம்ப முடியவில்லை. போன வருடம் இதே மீன் ஜாதிக்காக விறகுக் கட்டை தூக்கிய இரண்டு பக்கமும், இப்போது பந்தியில் கடைசி வடையை ஒருவருக்கொருவர் தள்ளுவதுபோல் ஒரு கெண்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மீனோ வாயைத் திறந்து திறந்து மூடியது. இரண்டு பேரும் மரியாதையிலிருந்து இறங்குவதாகத் தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் வேணாம்னா தண்ணியில விடுங்கையா" என்றார் அக்கா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே நிம்மதி. கிரிபண்டா ஒரு சாக்கை நனைத்து விரித்தான். தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஆளுக்கொரு பக்கம் சாக்கைப் பிடித்து, வயல் வரப்பில் தள்ளாடித் தள்ளாடிப் பாலத்தடிக்கு நடந்தார்கள். பின்னால் ஊரே போனது. செய்தி கேட்டுத் தோட்டத்திலிருந்து நானாவும், பஜாரிலிருந்து முதியான்சேயும் வந்து சேர்ந்தார்கள். சாக்கைத் தண்ணீரில் தாழ்த்தினார்கள். கெண்டை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வாலை ஒரு சுழற்றுச் சுழற்றியது. நால்வர் முகத்திலும் தண்ணீர். அடுத்த கணம் அது ஆழத்தில் இருந்தது.

கரையேறிய தலைவர் என் பக்கம் திரும்பினார். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிற மனிதர் அவர்.

"எந்த நாட்டு மீனுன்னு ஒருத்தரும் கேக்கல்ல, பாத்தீங்களா மாஸ்டர்? குடுத்து வச்சது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று சிரிக்க வரவில்லை.

திங்கட்கிழமை வேலை ஒன்றும் இல்லாமலே இரத்தோட்டை பஸ் பிடித்தேன். பாலத்தில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கினார். தோட்டத்துப் பெண் ஒருத்தி பாணைப் பிய்த்துப் போட்டாள். ஒரு மீன் வந்தது. அப்புறம் இரண்டு, மூன்று... அப்புறம் எண்ண முடியவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பஸ் ஹோர்ன் அடித்தும் ஒருவரும் ஏறவில்லை. அக்காவுக்குத் தேத்தண்ணி ஆற்றக் கை போதவில்லை.

"அடுத்த வருஷம் பெருசையும் சட்டத்துல சேத்துருவோம் அக்கா" என்றேன்.

"சட்டத்த விடுங்க மாஸ்டர்" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அடுத்த அடைப்புக்கு யார் வீட்டுல யார் சாப்புடுறதுன்னு இப்பவே மூணு பேரும் சண்ட போட்டுக்கிட்டிருக்காங்க. அதப் போயி தீத்து வைங்க."

ஆகவே, நாடுகளைக் கூட்டிவைத்துப் பேசுகிற பெரியவர்களுக்கு மாத்தளையிலிருந்து ஒரு வார்த்தை — தீர்மானத்தை அப்புறம் வாசிக்கலாம், முதலில் இலையைப் போடுங்கள்.